கரண்டிச் சத்தம்

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போது நூல் சதைக்குள் புதைந்துவிட்டது. ஹிரூத் முடிச்சை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள். அப்போதும் புதைந்தது. அக்கா யெஷியின் பாதங்கள் ஊறப்போட்ட ரொட்டியாக உப்பிக் கிடந்தன. விரல் பட்ட இடத்தில் குழி விழுந்தது. விழுந்த குழி எழும்பவில்லை.

"விட்டுடு யம்மா, நான் கட்டுறேன்," என்றாள் எதிரில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஸெனெபெச்.

"நீங்க சும்மா இருங்க."

"சும்மாத்தான் இருக்கேன். ஒரு மாசமா அவளுக்குப் பக்கத்துப் பாய் நான். காலையில உனக்கு ஃபோன் போட்டவளும் நான்தான். ஒரு முடிச்சுப் போடறதுக்கு எனக்கு உரிமை கிடையாதா?"

அந்தத் தகரக் கொட்டகைக்குள் வாயைத் திறக்கவே ஹிரூத்துக்குக் கூசியது. இருபது பாய்கள், இருபது நோயாளிகள். காயாத துணியின் முடை, சாம்பல் நெடி, அதற்கும் மேலே வாந்தியின் புளிப்பு. வெளியே புனித ஊற்றடியில் சாம்பல் கரைத்த தீர்த்தத்தை மூன்று லிட்டர், நான்கு லிட்டர் என்று குடித்துவிட்டு மரத்தைப் பிடித்தபடி கக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கக்கும்போதும் சுற்றி நின்றவர்கள் குலவையிட்டார்கள்.

"போகுது பாரு! பேய் போகுது!"

போவது பேயில்லை, ராத்திரி தின்ற கொண்டைக்கடலைக் குழம்பு என்று கத்த வேண்டும்போல் இருந்தது ஹிரூத்துக்கு.

பாதிரியார் குனிந்து உள்ளே வந்தார். கையில் பித்தளைச் சிலுவை. ஈரக்குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து நின்றார்.

"அழாதே மகளே. உன் அக்கா குணமாகித்தான் போயிருக்கா."

"நான் அழலை சாமி. குணமாகியா? இந்தக் காலைப் பாருங்க."

"நீ உடம்பைப் பாக்கிறே."

"உடம்புதானே சாமி செத்துப்போச்சு?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மூணு நாளா மூச்சு வாங்குதுன்னு சொன்னாளாம். ஒரு வண்டி பிடிக்க இந்த மலையில ஆளில்லையா?"

"நானே கேட்டேன் மகளே. போக மாட்டேன்னுட்டா. நாப்பது நாள் நேர்ச்சை. இன்னியோட முப்பத்தியொண்ணு. மிச்சத்தை அங்க போய் முடிப்பா."

முத்தமிடுவதற்காகச் சிலுவையை அவள் முகத்தருகே நீட்டினார். ஹிரூத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீட்டிய சிலுவையை அவர் அப்படியே யெஷியின் நெற்றியில் தொட்டு எடுத்தார்.

"நாலு மணிக்கு அடக்கம். குழி வெட்டச் சொல்லியாச்சு," என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போனார்.

யெஷிக்குச் சின்ன வயதிலேயே காய்ச்சலில் இதயம் கெட்டுப்போனது. அந்த இதயத்தை வைத்துக்கொண்டுதான் வீடுவீடாக இஞ்சரா ரொட்டி சுட்டுக் கொடுத்துத் தங்கையைப் படிக்க வைத்தாள். தங்கை படித்து, அடிஸ் அபாபாவின் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் நான்காம் சன்னலில் உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வயதில் யெஷியின் கால் வீங்கியது. டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். யெஷி தொடவில்லை.

"தீர்த்தம் குடிக்கிற வாயாலே மாத்திரையும் முழுங்கினா சம்மனசுக்குக் கோபம் வரும்டி."

ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கிறவளின் அக்கா, மருந்து தின்னாமல் மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தாள். ஒருநாள் காலை ஹிரூத் மாத்திரைகளைப் பொடித்து, அக்காவின் தீர்த்தக் கண்ணாடி டம்ளரில் போட்டாள். கலக்கும்போது கரண்டி டம்ளரில் இடித்து டிங் டிங் என்றது.

"என்னடி அங்க சத்தம்?" என்று படுக்கையிலிருந்து கேட்டாள் யெஷி.

சத்தத்தை மறைக்க என்ன செய்வதென்று தெரியாமல், "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே," என்று ஹிரூத் உரக்கச் சொன்னாள். பதினைந்து வயதுக்குப் பிறகு அவள் வாயில் வராத வார்த்தைகள். அதன் பிறகு அதுவே தினப்படிப் பழக்கம் ஆயிற்று. கரண்டி இடிக்கும், அவள் குரலை உயர்த்துவாள்.

"கசக்குதுடி."

"அருள்னா கசக்கத்தான் செய்யும்."

கிண்டலாகச் சொன்னது. யெஷி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். இரண்டே வாரத்தில் வீக்கம் வடிந்தது. தேவதூதர் மிக்கேல் சம்மனசின் திருநாளன்று இந்த மலையில், ஆயிரம் பேருக்கு முன்னால் தன் செருப்பைக் கழற்றித் தலைக்குமேல் தூக்கிக் காட்டி, "ஆறு மாசமா இதுக்குள்ள கால் நுழையலை சனங்களே!" என்று சாட்சி சொன்னாள். மறுவாரம் மூட்டை கட்டினாள். நாற்பது நாள் ஊற்றடியிலேயே கிடக்கப் போகிறாளாம்.

"வீட்டுலயே குடியேன்க்கா. தண்ணி ஒண்ணுதானே?"

"நன்றி சொல்லணும்டி. உனக்குப் புரியாது."

அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அக்கா தன் கையால் ஒரு வாய்க் காபிகூட வாங்க மாட்டாள் என்று பயந்து ஹிரூத் வாயை மூடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து, அக்கா அசந்த நேரத்தில் பொடியைக் கலந்து கொடுத்தாள். வாரத்துக்கு ஒரு வேளை மருந்து எந்த வீக்கத்தை வடிக்கும்? இன்றைக்கும் ஃபோன் வந்ததும் பொடிப் பொட்டலத்தோடுதான் ஓடிவந்தாள். வந்து சேர்வதற்குள் அக்காவின் மூச்சு நின்றிருந்தது. அது பைக்குள் பிரிக்காமல் கிடந்தது.

"நூலை வெட்டிக் குடு," என்று ஸெனெபெச் நகர்ந்தபோது பாவாடை விலகியது. ஹிரூத் அவள் கணுக்காலைப் பார்த்தாள். குனிந்து கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது.

"இது எத்தனை நாளா?"

"இதுவா? உன் அக்கா வியாதிதான் எனக்கும். மாத்திரை தின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். அவ செருப்பைத் தூக்கிக் காட்டினாளே, அன்னிக்கு வீட்டுக்குப் போய் அம்புட்டையும் கக்கூஸ்ல கொட்டிட்டேன். நான் மட்டுமா? இந்தக் கொட்டகையில இன்னும் மூணு பேர்."

ஹிரூத் நூலைக் கீழே போட்டுவிட்டு ஸெனெபெச்சின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. அவ கால் வடிஞ்சது தீர்த்தத்தால இல்ல. டம்ளர்ல நான் மருந்து கலந்தேன். தினமும். இங்க வந்தா, மருந்து நின்னுது, செத்துப்போனா. அவ்வளவுதான் சங்கதி."

ஸெனெபெச் பிணத்தின் முகத்தைப் பார்த்தாள். ஹிரூத்தைப் பார்த்தாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பாடா!" என்று மார்பில் கை வைத்தாள் ஸெனெபெச். பிறகு அவள் முகம் தெளிந்தது. "சம்மனசுக்குக் கையா இருக்கு, காலா இருக்கு? உன் கையால குடுத்திருக்காரு."

என்ன அழுகலை விட்டெறிந்தாலும் விழுங்கி ஏப்பம் விடுகிற வயிறு இந்த விசுவாசம் என்று ஹிரூத்துக்குத் தோன்றியது.

"சம்மனசு குடுக்கலை! ஆஸ்பத்திரி குடுத்தது. நாலாம் சன்னல் குடுத்தது!"

"நாலா? எனக்கும் நாலுதான்." ஸெனெபெச் காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "விடியறதுக்கு முன்ன போய் நின்னா மத்தியானம் நம்ம நம்பரைக் கூப்பிடுவாங்க. கண்ணாடிக்குக் கீழ ஒரு பொந்து. அதுலேர்ந்து ஒரு கை வரும், பொட்டலத்தை வைக்கும், போயிடும். ரெண்டு வருஷமா அந்தக் கையைத்தான் பாத்தேன், முகத்தைப் பாத்ததில்ல. ஒருநாள் 'வணக்கம் தாயி'ன்னேன். 'அடுத்து'ன்னுச்சு. இங்க வந்த அன்னிக்கு நான் கக்கிக்கிட்டு நிக்கறேன், உன் அக்கா ஓடிவந்து என் நெத்தியைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, 'உன் பேர் என்னடி'ன்னு கேட்டா. அதுக்கப்புறம் எவ போவா சன்னலுக்கு?"

ஹிரூத் தன் கைகளை வெள்ளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அது போகட்டும். கால் வத்தினதுக்கு நன்றி சொல்லவா அவ நாப்பது நாள் நேர்ந்துக்கிட்டான்னு நெனச்சே?"

"பின்னே?"

"கால் கெடக்குது கழுதை, இன்னிக்கு வத்தும், நாளைக்கு வீங்கும்பா. 'கோவில் வாசல மிதிக்காத என் தங்கச்சி, நித்தம் காலையில என் தண்ணிக்கு ஜபம் சொல்லிக் குடுக்கறா. அடுப்படியில நின்னுக்கிட்டு, எனக்குக் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்றா. அதுக்குத்தான்டி இந்த நாப்பது நாள்'னு சொல்லுவா. கேட்டவளுக்கும் சொல்லுவா, கேக்காதவளுக்கும் சொல்லுவா. இந்த மலையில எல்லாருக்கும் தெரியுமே!"

ஹிரூத் எழுந்தாள். வாசல்வரைதான் போக முடிந்தது. தகரச் சுவரில் கை ஊன்றிக் குனிந்தாள். காலையில் குடித்த காபியெல்லாம் கொட்டியது.

ஊற்றடிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"போகுது பாரு! யெஷியோட தங்கச்சிக்குப் போகுது!"

குலவை எழுந்தது. பத்துத் தொண்டை, இருபது தொண்டை. தைலமரங்களுக்குள் அது போய்த் திரும்பி வந்தது. பின்னாலிருந்து ஒரு கை அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. அதைத் தட்டிவிட அவளுக்குத் தெம்பில்லை.

"கக்கிடு. எல்லாத்தையும் கக்கிடு," என்றாள் ஸெனெபெச். பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் மொண்டு வந்திருந்தாள். அவளுக்கும் மூச்சு இரைத்தது.

ஹிரூத் வாய் கொப்பளித்துத் துப்பினாள். முகத்தைச் சால்வையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்க மாத்திரை எப்படி இருக்கும்? வெள்ளையா, நடுவுல ஒரு கோடு போட்டா?"

"ஆமா. காலையில ரெண்டு."

ஹிரூத் பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தாள். "இதுதான். இப்பவே குடிங்க. உங்க கால் அவ காலைவிட மோசமா இருக்கு."

ஸெனெபெச் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சன்னல்லேர்ந்து வந்ததைத் தொட மாட்டேன்."

"செத்துப்போவீங்க."

"போறேன். அவளுக்குப் பக்கத்துலயே வெட்டச் சொல்லு. பாய்தான் பக்கத்துல இருந்தது, குழியும் இருக்கட்டும்." சொல்லிவிட்டு ஹிரூத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவளுக்குக் குடுத்த மாதிரி குடு. குடிக்கிறேன்."

"அதான் சொல்லிட்டேனே! அது ஜபமே இல்ல. பொய்."

"நீ பொய்யாவே சொல்லு. நான் நெசமா குடிச்சுக்கிறேன்."

குவளையில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. ஹிரூத் வாசற்படியில் உட்கார்ந்து, குவளையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினாள். பொடி மேலாகவே மிதந்தது. கலக்கக் கரண்டி இல்லை. ஆள்காட்டி விரலை விட்டுச் சுற்றினாள். பிளாஸ்டிக்கில் விரல் உரசி ஒரு சத்தமும் எழவில்லை.

உள்ளே, கட்டிய கால்களோடு யெஷி கிடந்தாள்.

ஹிரூத், அடுப்படியிலிருந்து அக்காவின் படுக்கைக்குக் கேட்கும்படி சொல்வாளே, அந்தக் குரலில், "பிதா, சுதன்," என்று தொடங்கினாள்.