வாசல் பக்கத்து விளக்கு

அந்த வீட்டில் கார் ஒன்று, ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், சாவி ஒன்று. சாவி கணவருடைய சட்டைப் பையை விட்டு இறங்காது. குளிக்கப் போனால்கூடக் குளியலறை ஜன்னல் திட்டு வரைக்கும் போய் வரும். மனைவி லைசென்ஸ் வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தாள். அந்தக் கைப்பையோடு தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். கார் கேட்டால் அவரிடம் பதிலுக்கா பஞ்சம்? காலையில் கேட்டால் ரோடு நெரிசல். மத்தியானம் கேட்டால் கார் அவர் வேலை பார்க்கும் கிடங்கில் நிற்கிறது. சாயங்காலம் கேட்டால் முன் விளக்கு மங்கல். அந்த விளக்கை நம்பி உன்னை எப்படி அனுப்புவது, நானே தட்டுத் தடுமாறித்தான் வருகிறேன் என்பார்.

விளக்கு மங்கல் என்பது பொய்யில்லை. வருஷக்கணக்காக வெயில் குடித்து இரண்டு விளக்கும் மேலே மஞ்சள் பூத்து, உள்ளே வேர்த்துப் போயிருந்தன. சரி, மெக்கானிக்கிடம் காட்டலாமே என்றால், அவன் புதுசை நம் தலையில் கட்டிவிடுவான். நாமே தேய்த்துப் பார்க்கலாமே என்றால், தேய்த்தால் உள்ளதும் போய்விடும். இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

இந்த லட்சணத்தில்தான் அவளுக்கு அந்த வேலை தேடி வந்தது. அவள் பல்செட் செய்யும் லேபில் இருப்பவள். அச்சிலிருந்து கரடுமுரடாக வரும் பல்செட்டைத் தேய்த்து, மெருகு ஏற்றி, ஒருத்தர் வாய்க்குள் போகிற பதத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. தெருவில் அவளுக்குப் பல்லுக்காரி என்றுதான் பெயர். முதலாளி ஊருக்கு வெளியே புதிதாக ஒரு லேப் திறக்கிறார். அதற்குப் பொறுப்பாளராக வா என்கிறார். மத்தியானம் போனால் இருட்டிய பிறகு திரும்ப வேண்டும், அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வருகிறேன், வரவில்லை என்று திங்கட்கிழமை காலையில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவளுக்கு அந்த வேலை வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எதையும் அவள் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அவரிடம் கேட்டாள். அவர் வேலையைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. கிடங்குக்கு நடந்தே போய்விடலாம், பக்கம்தான் என்றுகூட ஒப்புக்கொண்டார். காரில் போனால்தான் காவலாளி பெரிய கேட்டைத் திறப்பான் என்பது வேறு விஷயம். கடைசியில் வழக்கமான இடத்தில் போய் நின்றுகொண்டார்.

"லைட்டு மட்டும் நல்லா இருந்தா நான் ஏன் தடுக்கப் போறேன்?"

வார்த்தையை விட்டுவிட்டார். அதைப் பிடித்துக்கொள்ள அங்கே இன்னொரு காதும் இருந்தது. அவருடைய அக்கா. ஒரு பெரிய அலுவலகத்தின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, ஒயரைச் செருகிப் பிடுங்கி, ஊர் ரகசியத்தையெல்லாம் கேட்டு ரிடையர் ஆனவள். பல்லுக்காரி அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் என்றால் எலியும் பூனையும் என்றுதானே நினைப்பீர்கள்? இங்கே எலியும் பூனையும் கூட்டுச் சேர்ந்திருந்தன. அண்ணிக்கு இதில் சொந்த லாபம் உண்டு. கொஞ்ச நாளாகத் தம்பி ஓட்டுகிற வேகத்தில் அவளுக்குக் காரில் ஏறினாலே தூக்கம் வந்துவிடுகிறது. சைக்கிள்காரன் முந்திப் போகிறான், போகிறவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்.

சனிக்கிழமை கம்பெனியின் பக்கத்து ஊர்க் கிடங்கில் சரக்கு எண்ணும் நாள். கம்பெனி வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. கார் வீட்டில் நின்றது. ஒரு பக்கம் வீட்டு வாசல், மறு பக்கம் மதில் சுவர், நடுவில் இடுக்கில் நின்றது. சாவி அவர் பையில். ஆனால் சொந்த வீட்டுக்குள் நிற்கும் காரின் கதவை யார் பூட்டுகிறார்கள்? வேன் முனை திரும்பியதும் பல்லுக்காரி கதவைத் திறந்து, காலடியில் இருந்த கொக்கியை இழுத்தாள். பானெட் வாயைப் பிளந்தது.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினாள். சுவர் பக்கத்து விளக்குக்குக் கையை விடப் பார்த்தாள். ஸ்பானர் திரும்பவே இடமில்லை. வண்டியைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்றால் சாவி கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறது. சரி, கிடைத்தவரைக்கும் லாபம் என்று வாசல் பக்கத்து விளக்கில் உட்கார்ந்தாள். மேலே இருந்த போல்ட் சொன்ன பேச்சைக் கேட்டது. பக்கத்துப் போல்ட், பம்பரின் ஓரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. அண்ணியிடம் பம்பரை மெல்ல இழுக்கச் சொன்னாள். அண்ணிக்கு மெல்ல என்ற வார்த்தை பழக்கமில்லை. டப்பென்று ஒரு பிளாஸ்டிக் கிளிப் தெறித்தது. அண்ணி அதை எடுத்துப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், குப்பைத் தொட்டியில் போட்டு மேலே காய்கறித் தோலைப் பரப்பினாள்.

விளக்கு முன்னால் நகர்ந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. பின்னால் ஒயர்கள் பிடித்திருந்தன. பல்லுக்காரி ஒயரைப் பிடித்து இழுக்கப் போனாள். அண்ணி அவள் கையைத் தட்டிவிட்டாள். ஒயரை இழுக்கக் கூடாது, பிளக்கின் தலையைப் பிடித்து அதன் நாக்கை அமுக்க வேண்டும் என்று சொல்லி, எட்டிப் பார்க்காமலே ஒரு விரலால் கழற்றிக் காட்டினாள். அப்புறம் அன்று முழுக்க அந்த ஒரு விரலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

விளக்கு சமையலறைத் தொட்டிக்குப் போயிற்று. பல்லுக்காரி பல்பை விரல் படாமல் துணியால் பிடித்துக் கழற்றி வைத்தாள். அந்த ஓட்டை வழியாகச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் குலுக்கினாள். குலுக்கக் குலுக்க உள்ளேயிருந்து தூசியும், சேறும், எந்தக் காலத்திலோ செத்த ஒரு வண்டும் வந்தன. நல்ல தண்ணீரில் அலசி, தலைமுடி உலர்த்தும் மிஷினை அண்ணி கையில் கொடுத்து, சூடு குறைவாக வைத்துக் காட்டச் சொன்னாள்.

வெளிப் பக்கம்தான் அவளுடைய சொந்த வித்தை. பல்செட்டும் பிளாஸ்டிக், இதுவும் பிளாஸ்டிக். அதற்கு என்ன மரியாதையோ இதற்கும் அதே மரியாதை. கரடு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரே திசையில் தேய்த்தாள். பால் மாதிரி மஞ்சள் தண்ணீர் வழிந்தது. விளக்கு முன்னைவிட மோசமாக வெளுத்துப் போனதைப் பார்த்து அண்ணி உலர்த்தும் மிஷினைக் கீழே வைத்துவிட்டாள். இனி தம்பி முகத்தில் எப்படி முழிப்பது என்று புலம்பினாள். பல்லுக்காரி கேட்டுக்கொண்டே அடுத்த தாளை எடுத்தாள். அதைவிட நைஸ் தாள், அதையும்விட நைஸ் தாள், பிறகு லேபிலிருந்து கொண்டுவந்த மெருகுப் பசை, கடைசியில் மெழுகு. மத்தியானச் சாப்பாட்டைக் கடந்து வேலை போயிற்று. முடித்துத் துடைத்தபோது அண்ணி தன் முகத்தையே அதில் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள்.

மாட்டும்போது ஒரு திருகாணி மிச்சமாக நின்றது. எங்கேயிருந்து வந்தது என்று இரண்டு பேரும் தேடினார்கள், கிடைக்கவில்லை. அண்ணி அதைத் தன் பர்ஸுக்குள் போட்டாள். பேட்டரி ஒயரை மாட்டி, விளக்கைப் போட்டுப் பார்த்தாள் பல்லுக்காரி; பழைய வண்டி, விளக்குக்குச் சாவி வேண்டாம். பின்னால் எட்டி நின்று பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வாசல் பக்கத்து விளக்கு பளிச்சென்று முழித்துக்கொண்டிருந்தது. சுவர் பக்கத்தது மஞ்சள் காமாலை வந்த மாதிரி மங்கிக் கிடந்தது. குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டினாலும் எது கழுவினது என்று சொல்லிவிடும்.

அவர் வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சொல்லாமல் விடலாம், அவராகப் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்றுதான் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் அண்ணிக்கு வாய் நிற்காது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், காரைப் பார்த்தாயா, லைட்டைக் கழற்றிக் கழுவிவிட்டோம் என்று போட்டு உடைத்தாள். அவர் முகம் சிவந்தது. யாரைக் கேட்டுக் கை வைத்தீர்கள் என்றார். ஒரு கிளிப் உடைந்திருந்தால் என்ன ஆகும் என்றார். அண்ணி பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கத்தி முடித்துவிட்டுக் காரின் முன்னால் போய் நின்றார். விளக்கைப் போடச் சொன்னார். பல்லுக்காரி போட்டாள். இடுப்பில் கை வைத்து, குனிந்து, நிமிர்ந்து, ஏதோ சரக்கு எடுக்க வந்த வியாபாரி மாதிரி பார்த்தார். பெண்கள் இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். இப்போது ஏன் ஒன்றை மட்டும் கழுவினீர்கள் என்று கேட்கப் போகிறார், சாவியைக் கொடுங்கள், வண்டியை நகர்த்தி மற்றதையும் முடிக்கிறோம் என்று சொல்லிவிடலாம் என்று பல்லுக்காரி பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

அவர் கையைத் தட்டிக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேன்ல? ரெண்டும் அப்படியேதான் மங்கலா இருக்கு. தேச்சதெல்லாம் வீண்."

அண்ணி சிரித்துவிட்டாள். தம்பி வேண்டுமென்றே சீண்டுகிறான் என்று நினைத்தாள். ஆனால் அவர் சிரிக்கவில்லை. பல்லுக்காரி அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. உடனே காட்டிக்கொள்ளவில்லை. சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, ரெண்டுல எது கொஞ்சம் தேவலாம், பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

அவர் மறுபடி குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். இந்தப் பக்கம் ஒளி சிதறி இன்னும் மோசமாக இருக்கிறது என்று வாசல் பக்கத்து விளக்கைக் காட்டினார். சுவர் பக்கத்தது பரவாயில்லை, அதற்குத்தான் உழைத்திருக்கிறீர்கள் போல என்று தாராளமாக ஒரு பாராட்டும் கொடுத்தார்.

அண்ணியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சுவர் பக்கத்தை நான் தொடவே இல்லங்க," என்றாள் பல்லுக்காரி. "வாசல் பக்கத்தை மட்டும்தான் கழட்டினேன்."

 அவர் வாசல் பக்கத்து விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு உடம்பை ஒடுக்கி இடுக்குக்குள் நுழைந்து சுவர் பக்கத்து விளக்கைத் தடவினார். சொரசொரவென்றது. மறுபடி இதைத் தடவினார், அதைத் தடவினார். கை சொன்னதை நம்பாமல் இருக்க அவருக்கு வழியே இல்லை.

வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

"முதல்ல கார் லைட்டு மங்கிச்சு. அப்புறம் தெரு லைட்டெல்லாம் மங்கிச்சு. அப்புறம் கிடங்கு லைட்டு. எல்லா லைட்டும் ஒரே நேரத்துல எப்படிப் பழசாகும்னு ஒரு நாள் தோணுச்சு. அதுக்கு மேல யோசிக்கல." பையிலிருந்த சாவியைத் தொட்டுக்கொண்டே சொன்னார், "டாக்டர்கிட்ட போனா வண்டி ஓட்டாதேன்னு சொல்லிடுவாரோன்னு பயம்."

பல்லுக்காரிக்குக் கோபம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது பயம்தான். கொஞ்ச நாளாக இந்தக் காரில் அவரோடு போய்வந்த ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கண் முன்னால் வந்தது.

"இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா எங்களை ஏத்திக்கிட்டுப் போனீங்க?"

"அதான் மெதுவாப் போனேன்," என்றார் அவர். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அண்ணிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஆரம்பித்தவள், தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். கண்புரையாகத்தான் இருக்கும், ஒரு மணி நேர வேலை, அறுத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பிவிடுவார்கள், உனக்கு அது எடுப்பாகவும் இருக்கும் என்று தைரியம் சொன்னாள்.

பல்லுக்காரி கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார். ஒரு தடவை அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"திங்கக்கிழமை உங்க முதலாளிகிட்ட என்ன சொல்லப் போற?" என்றார்.

"வரேன்னுதான். போற வழியில உங்களைக் கண்ணாஸ்பத்திரியில இறக்கி விட்டுட்டு."

சுவர் பக்கத்து விளக்கைக் கழற்றுவதற்கு வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டும். எடுப்பதுதான் எடுக்கிறோம், ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம் என்றாள் அண்ணி, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டே. அவர் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தேடினார். அந்த சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. கிளட்சை மெதுவா விடு, ஹாரன் அடி, கண்ணாடியைப் பார் என்று வாசல் தாண்டுவதற்குள் பத்து உத்தரவு போட்டார். பல்லுக்காரி எல்லாவற்றுக்கும் சரிங்க என்றாள், தன் இஷ்டத்துக்கு ஓட்டினாள்.

தெரு முனை நெருங்கியது. அவர் திடீரென்று முன்னால் இருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பள்ளம், பள்ளம். அந்தப் பக்கம் ஒடி."

அந்தப் பக்கம் என்பது எதிரே வண்டிகள் வரும் பக்கம். அவள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். புது வெளிச்சத்தில் ரோடு தெளிவாகத் தெரிந்தது. கறுப்பாக ஒரு திட்டு, அவ்வளவுதான்.

"அதை மூடி எத்தனையோ மாசம் ஆச்சுங்க. அது தார் போட்ட ஒட்டு."

அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கண்ணாடியோடு நெற்றி ஒட்டும் அளவுக்குப் பார்த்தார்.

"அப்போ தினமும் நான் எதைச் சுத்திக்கிட்டுப் போனேன்?"

பின் சீட்டில் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.  பல்லுக்காரி வண்டியை நேராக அதன் மேலேயே விட்டாள். கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தாண்டிப் போயிற்று.