பன்னிரண்டரைக்கு இரண்டு நிமிடம்

புகார்க் கடிதம் அவளுடைய கைப்பையில் இருந்தது. கையெழுத்தும் தேதியும்தான் பாக்கி. நான்கு மணிக்கு இயக்குநர் வரச் சொல்லியிருந்தார். அதற்குள் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தாக வேண்டும்.

ஆள் யார் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. தராசு.

ஆய்வகத்தில் அவருடைய நிஜப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. ஒரு சிட்டிகை உப்பானாலும் மூன்று தடவை எடை போடுகிற தொழில்நுட்ப உதவியாளர். எட்டு மாதத்துக்கு முன்புதான் இந்த மாடிக்கு மாற்றலாகி வந்தார். சனியனும் அன்றிலிருந்துதான் பிடித்தது.

மீன் கருவுக்குள் ஒரு செல் இன்னொரு செல்லோடு எப்படிப் பேசுகிறது, ‘இதயமே, நீ இடப்பக்கம் போ’ என்ற கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவளுடைய பன்னிரண்டு வருட ஆராய்ச்சி. அந்தக் கட்டளையை ஒரு மருந்தால் தடுத்தாள். நூறு கருக்களில் நாற்பதுக்கு இதயம் வலப்பக்கம் இருந்தது. கட்டுரை வெளியானது. தனி ஆய்வகமும் பதவியும் தேடி வந்தன. மூன்று வருடம் கழித்து எங்கிருந்தோ ஒரு குழு, நாங்கள் நான்கு முறை செய்து பார்த்தோம், ஒரு இதயம்கூட அசையவில்லை என்று ஆய்விதழுக்கு எழுதிப் போட்டது. மாதக் கடைசிக்குள் திரும்பச் செய்து காட்டுங்கள் என்றது ஆய்விதழ்.

செய்தாள். ஆறு தடவை செய்தாள். அத்தனை இதயங்களும் நல்ல பிள்ளையாக இடப்பக்கமே உட்கார்ந்திருந்தன.

மருந்து அதே, மீன் அதே, தண்ணீரின் சூடும் அதே. புதிதாக வந்தது தராசு மட்டும்தான். மருந்துப் புட்டியின் மூடியில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வைத்துப் பார்த்தாள், கோடு நகரவில்லை. கெட்டிக்காரன், வேறெங்கோ கை வைக்கிறான். வீட்டில் கணவனிடம் புலம்பியபோது, அப்படியே என் சட்டைப் பையையும் ஒரு தடவை பார்த்துவிடு என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம்தான் அதைக் கவனித்தாள். மருந்து போடாத கருக்களை அவள் காலையில் முதல் வேலையாகப் படமெடுப்பாள். பிறகு நுண்ணோக்கி கோழிக்காரருக்கு. கோழிக் கருவை ஆராய்கிற பக்கத்து அறைக்காரர். மருந்து போட்டவை வளர்ச்சியில் சற்றுப் பின்தங்குவதால் அவற்றுக்கு மதியம். நடுவில், பன்னிரண்டரைக்கு, தராசு நுண்ணோக்கி அறைக்குள் போகிறார். இரண்டே நிமிடம். வெளியே வருகிறார். அவருக்கு அங்கே என்ன வேலை?

இன்று நுண்ணோக்கி அறையின் கறுப்புத் திரைக்குப் பின்னால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. தராசு நாற்காலியை இழுத்துப் போட்டார். மவுஸைப் பிடித்தார். ஒரு க்ளிக்.

"கையை எடுங்க" என்றபடி வெளியே வந்தாள்.

அவர் நிதானமாகத் திரும்பினார். "திரைக்குப் பின்னால என்ன பண்றீங்க மேடம்?"

"அதை நான் கேக்கணும். என்ன மாத்துனீங்க?"

"ஒரு டிக். கோழிக்காரர் கருவைக் கவுத்துப் போட்டுப் பாப்பாரு. இடம் வலமாத் தெரியும். அதைச் சரிக்கட்ட அந்த டிக்கைப் போட்டுப் படத்தைத் திருப்பி வச்சுக்குவாரு, கண்ணாடியில பாக்கற மாதிரி. போறப்ப மறந்துடுவாரு. மறுநாள் கணினியைத் திறந்தா அது தானா சரியாயிடும். ஆனா மதியம் நீங்க வருவீங்களே? உங்க வேலை கெட்டுடக் கூடாதுன்னு நான் எடுத்து விட்டுடுவேன்."

"எத்தனை நாளா?"

"இந்த மாடிக்கு வந்த நாள்லேர்ந்து."

அவள் அவரை விலக்கி உட்கார்ந்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய படங்களைத் திறந்தாள். கருவை வைப்பது எப்போதும் அவளுடைய ராசியான கண்ணாடித் தட்டில்தான். அதன் ஓரத்தில் 7 என்று எண் பொறித்திருக்கும். ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் இதுவரை எண்ணியிருக்கிறாள். இன்று முழுப் படத்தையும் பார்த்தாள்.

வலப்பக்க இதயம். 7 திரும்பி நின்றது. அடுத்தது, திரும்பிய 7. நாற்பதும் அப்படித்தான். கோழிக்காரர் வராத நாட்களின் அறுபதிலும் எண் நேராக இருந்தது.

எந்த இதயமும் இடம் மாறவே இல்லை.

தராசு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கைப்பை மடியில் கனத்தது. ஒரு கையெழுத்து போதும். நான்கு மணிக்கு இந்த மனிதர் வேறு மாடிக்குப் போய்விடுவார். நாளை மதியம் டிக் அப்படியே இருக்கும், இதயங்கள் வலப்பக்கம் திரும்பும், ஆய்விதழ் வாயை மூடிக்கொள்ளும். யாருக்கும் தெரியாது.

இத்தனை நாளும் அவள் தேடிய ஆள் இப்போது அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கடிதத்தை வெளியே எடுத்தாள். திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் ஆய்விதழுக்கு ஏழு வரி எழுதினாள். படம் திரும்பியிருந்தது, தவறு என்னுடையது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். கையெழுத்துப் போட்டாள். வேறு தாளில் எழுதியிருக்கலாம்தான்.

"பிழை இருக்கான்னு பாருங்க" என்று அதையே அவரிடம் நீட்டினாள்.

அவர் மூன்று தடவை படித்தார். பிறகு தாளைத் திருப்பினார். தன் பெயர் இருந்த அந்தப் பக்கத்தையும் அதே நிதானத்தோடு, மூன்று தடவை.

"ரெண்டு பக்கத்துலயும் தேதி இல்ல மேடம்" என்றார். "எந்தப் பக்கத்துக்குப் போடட்டும்?"

அவள் தாளை வாங்கி, ஏழு வரிக்குக் கீழே தேதியைப் போட்டாள்.