நாலு சாண் வியாழக்கிழமை

கொள்ளுத்தாத்தா பிறந்த இடத்தைக் காட்ட முடியாதவர்கள் எங்கள் ஊரில் உட்காரக் கூடாது. போத்தனூரில் இது பழைய சட்டம். நிற்கலாம், நடக்கலாம், ஒரு தோளை மட்டும் சுவரில் சாய்க்கலாம். அவர்கள் தூங்குவதற்கு ரயில்வே காலனி முனையில் நெஞ்சு உயரத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அதில் இரண்டு கைகளையும் போட்டுத் தொங்கியபடி தூங்குவார்கள்.

நான் உட்காருகிறவன். எவனும் எனக்கு நாற்காலியைத் தூக்கிக் கொடுக்கவில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்து, அடியும் மிதியும் பட்டு, அன்னூரில் என் கொள்ளுத்தாத்தாவின் தொட்டில் தொங்கிய இடத்தைத் தேடிப் பிடித்து, சர்வேயரோடு மல்லுக்கட்டி வாங்கிய உரிமை. அதற்குப் பிறகு அடுத்தவர்களுக்குத் தாத்தா தேடிக் கொடுப்பதே தொழிலாகிவிட்டது. செங்காளியப்பன் கத்துகிறவன் என்று ஊரில் சொல்வார்கள். கத்தாமல் யாருக்குத் தாத்தா கிடைத்திருக்கிறது?

டோரீன் ஹானரஹன் ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்று பேர்தான். நடக்கப் பழகிய நாளிலிருந்து நிற்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா டெனிஸ், தண்டவாளம் போட அயர்லாந்திலிருந்து வந்தவர். அதற்கு மேல் ஒரு விவரமும் கிடையாது. முழங்கால் இரண்டும் வீங்கிப் போய், கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு தினமும் என் வாசலில் வந்து நிற்பார்.

“என்ன மேன், கிடைச்சுதா?”

“பொறுங்கம்மா. உங்க தாத்தா என்ன தக்காளியா, கூடையில அள்ளிப் போட?”

“தக்காளின்னா அழுகினதாச்சும் கிடைச்சிருக்கும், மேன்.”

ஒருநாள் அவர் குடை வழுக்கியது. விழுந்தால் உட்கார்ந்த கணக்கில் எழுதிவிடுவார்கள். அதனால் என் கதவைப் பிடித்துத் தொங்கினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மறுநாளே கிளம்பினேன்.

அயர்லாந்துக்குப் பாசஞ்சரில் போய் ஷொர்ணூரில் வண்டி மாற வேண்டும். அங்கே மாவட்டத்தைத் தாலுகாவாக வெட்டி, தாலுகாவைப் பங்குகளாக வெட்டி, பங்கையும் விடாமல் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டுக்கு டவுன்லேண்ட் என்று பேர். நான் பார்த்தவரை டவுன் எதையும் காணோம். சிலவற்றில் லேண்டும் இல்லை, வெறும் பாறை.

பிறப்புப் பதிவு ஆபீஸில் ஃபோலி என்பவர் இருந்தார். சிவந்த முகம், பூட்ஸில் சாணி. எந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாரோ அதற்கு அடியில்தான் அவர் கொள்ளுத்தாத்தா பிறந்தாராம். கொடுத்து வைத்தவர். தெருவை நிறைக்கும் அளவுக்கு டெனிஸ் ஹானரஹன்களை எடுத்துக் காட்டினார். எங்கள் ஆள் மட்டும் இல்லை.

“பதிவு தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை,” என்றார். “உங்கள் ஆள் வியாழக்கிழமை பிறந்துவிட்டார்.”

“ஒரு நாள் பொறுக்க மாட்டாரா அந்த மனுஷன்?” என்று மேஜையில் குத்தினேன்.

“பொறுத்தார். அவர் பிறந்தபோது பக்கத்துத் துண்டில் வெள்ளி வந்துவிட்டது. அவர் பிறந்த கில்லவாராவுக்கு இன்னும் வரவில்லை.”

நல்ல புல் இருக்கும் துண்டுகளுக்கு நாள் முதலில் போகுமாம். கில்லவாரா பாறை. அதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு நாள் பிந்தித்தான் வந்து சேரும். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவதும் இப்படித்தான் என்பதால் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இடத்தைப் போய்ப் பார்த்தோம். கூரை போன வீடு. எல்லைக் கல் வரிசை வீட்டுக்கு நடுவில் ஓடியது. அடுப்பு புல் துண்டில், கட்டில் கிடந்த இடம் பாறைத் துண்டில். எல்லை நாலு சாண் நகர்ந்தால் கட்டில் வெள்ளிக்கிழமைக்கு வந்துவிடும், பிறப்பும் பதிவாகிவிடும்.

மாட்டுச் சந்தையில் பேரம் துணிக்கடியில் விரல் பிடித்துத்தான் நடக்கும். நான் தோள் துண்டை எடுத்து நீட்டினேன். ஃபோலி ஒன்றும் கேட்காமல் அதற்கடியில் கையை விட்டார். அவர் அப்பனும் மாட்டுத் தரகன்தான் என்று விரலைப் பிடித்ததுமே தெரிந்துவிட்டது. வெளியே இரண்டு பேரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே நான் நாலு சாணுக்கு நாலு விரலைப் பிடித்தேன். அவர் மூன்றை மடக்கினார். நான் விரித்தேன். அவர் மறுபடி மடக்கினார். மழை வந்து போயிற்று. மறுபடி வந்தது. எனக்குக் கை மரத்துப் போனது, காலும் கடுத்தது.

“கில்லவாரா ஏற்கெனவே சின்னத் துண்டு,” என்றார் ஃபோலி. “நாலு சாணை எடுத்தால் அதற்கு யார் ஈடு கொடுப்பது?”

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “யோவ், நாலு சாணுக்கா இந்த அழுகை? இந்தா, எங்க அன்னூர்ல நாலு சாண் எடுத்துக்கய்யா!”

அவர் சட்டென்று என் விரலை அழுத்திவிட்டார். துண்டுக்குள் அழுத்தினால் அழுத்தினதுதான், திரும்பக் கேட்க முடியாது. அன்னூரில் என் பேரில் இருந்ததே தொட்டில் தொங்கிய அந்த நாலு சாண்தான். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அமல் என்று எழுதிக்கொண்டார்.

நான் வியாழக்கிழமை மத்தியானம் ஊர் திரும்பினேன். வாசலில் டோரீனம்மா இல்லை. ராத்திரி வரைக்கும் வரவில்லை. நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

வெள்ளி காலையில் சர்வேயர் ஆபீஸ் ஆள் வந்து, காட்ட இனி உனக்கு இடமில்லை என்று என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டில் போட்டான். நானும் பின்னாலேயே போனேன். அவருக்கு முழங்காலை எப்படி மடக்குவது என்று தெரியவில்லை. நான் பிடித்து இறக்கினேன். கையை எங்கே வைப்பது என்று விழித்தார்.

“மடியில வைங்கம்மா.”

“எனக்கு மடி இருக்கிறதே இப்பத்தான் தெரியுது, மேன்,” என்றார். கொஞ்ச நேரம் தன் மடியைப் பார்த்தார். பிறகு கையைத் தேய்த்துக்கொண்டு, “நேத்து அன்னூர்ல சொன்ன மாதிரியே செஞ்சுட்ட. உனக்குக் குடை பிடிச்சதுலதான் கை விட்டுப்போச்சு,” என்றார்.

நேற்று நான் அன்னூருக்குப் போகவில்லை. சரிங்கம்மா என்றேன். அதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

மத்தியானத்துக்குள் என் கால் இரண்டும் கல்லாகிவிட்டன. நிற்கிற பழக்கம் விட்டுப் போயிருந்தது. கயிற்றில் தொங்கிப் பார்த்தேன். அக்குள் வலித்தது. பக்கத்தில் தொங்கியவன், “என்னங்க தரகரே, பேரம் படியலையா?” என்றான். அன்னூர் பஸ்ஸைப் பிடித்தேன். நின்றுகொண்டேதான் போனேன்.

சுற்றிலும் சோளக்காடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. என் பழைய நாலு சாணில் மட்டும் தூறல், நடுவில் ஒரு பாறை. அது இப்போது கில்லவாராவைச் சேர்ந்தது, அதற்கு வெள்ளி இன்னும் வரவில்லை, அங்கே நேற்றைய வியாழன்தான். வியாழக்கிழமை நான் உட்காருகிறவன். உள்ளே கால் வைத்து, பாறையில் உட்கார்ந்து, கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது டோரீனம்மா நெருக்கியடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வீக்கம் அப்படியே இருந்தது.

“இங்கயா இருக்க? காலையில போத்தனூர்ல உன் வீடு பூட்டிக் கிடந்துச்சு, தேடிட்டு வரேன். என்ன மேன், கிடைச்சுதா?”

“நாளைக்கு உட்காருவீங்கம்மா,” என்றேன்.

அவர் குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.