அப்பா பாத்துட்டார்

"வயர பாத்தீங்களாப்பா?"

"பாத்துட்டேன்."

மகள் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த வீட்டில் அந்த ஒரு சொல் போதும். ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். மிக்சி ஓடவில்லை, ஃபேன் முனகுகிறது என்று எதுவாக இருந்தாலும் பிள்ளைகள் முதலில் கேட்பது 'அப்பா பாத்துட்டாரா' என்றுதான். அவர் பார்த்துவிட்ட இடத்தை இன்னொருவர் தொட்டுப் பார்த்தால் அது அவர் முகத்துக்கு நேரே சந்தேகப்படுவது மாதிரி. மாப்பிள்ளை ஒருமுறை விவரம் தெரியாமல் அவர் மாட்டிய பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வயரைப் பார்த்தேன் என்று அவர் சொன்னது பொய்யில்லை. பார்த்துத்தான் இழுத்தார். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு மகள் அம்மாவுக்குத் தலைவாரப் போயிருந்தபோது, மேசைக்குப் பின்னால் கையை விட்டு, கம்ப்யூட்டரிலிருந்து வந்து பிரிண்டரில் மாட்டியிருந்த வயரை நகக்கண் அளவுக்கு மட்டும் வெளியே இழுத்து வைத்தார். முழுசாகப் பிடுங்கினால் தெரிந்துவிடும். இது பார்க்கிறவர் கண்ணுக்கு மாட்டியிருக்கும், உள்ளே தொடாது. இப்படி அரைகுறையாக வயரை விட்டுவிட்டுப் போன பையன்களை வேலையிடத்தில் அவர் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்.

ஞாபகம் தப்பியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் ஒரு பெட் காலியாகியிருந்தது. மனைவியை அங்கே சேர்ப்பதற்கான விண்ணப்பத்தை பிரிண்ட் எடுத்து, அதில் அவர் கையெழுத்தைப் போட்டு சாயங்காலத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். விட்டால் காத்திருக்கிற அடுத்தவருக்குப் போய்விடும். அந்த பெட் எப்படிக் காலியாகியிருக்கும் என்று அவர் யோசித்தார். மகளிடம் கேட்கவில்லை. கடையில் போய் பிரிண்ட் எடுத்துவரலாம்தான். ஆனால் வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மழையும் தன் பக்கம்தான் என்று அவருக்குப் பட்டது.

வெளியூரில் இருக்கும் மகன் போனில், ஸ்பீக்கரில் இருந்தான்.

"ஆஃப்லைன்னே காட்டுதுடா."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?"

"அதான் வந்ததுலேர்ந்து பண்றேன். அது ஒரு தடவ ஆஃப் ஆகுது, நான் ஒரு தடவ ஆஃப் ஆகறேன்."

"சரி, டிரைவர எடுத்துட்டு மறுபடி போடு."

"டிரைவர எதுக்கு எடுக்கணும்? அவன் என்ன பண்ணான்?" என்றார் அவர்.

இருவரும் சிரித்தார்கள். "அது கார் டிரைவர் இல்லப்பா," என்று மகன் சாவகாசமாக விளக்க ஆரம்பித்தான். அவருக்குத் தெரியாததில்லை. சிரிக்கவைத்தால் கொஞ்ச நேரம் ஓடும். விளக்கச் சொன்னால் இன்னும் கொஞ்சம் ஓடும். பிள்ளைகள் பேசுவதைக் கேட்டபடி, உதவி செய்கிறவர் போல டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு மேசையருகே நின்றார். மகள் டிரைவரை எடுத்தாள், போட்டாள். பிரிண்ட் கொடுத்தாள். வரவில்லை. இன்னொரு முறை கொடுத்தாள். பிறகு கோபத்தில் படபடவென்று கொடுத்துக்கொண்டே போனாள்.

"ஏம்ப்பா, இந்தப் புழுக்கத்துல அம்மாவுக்கு எதுக்கு ஸ்வெட்டர்?"

"குளுருதுன்னா."

"தல வாரறப்ப பாத்தேன். மணிக்கட்டெல்லாம் நீலமா இருக்கே."

"கதவுல இடிச்சிக்கிட்டா. நான் பாத்துட்டேன். மருந்து போட்டாச்சு."

"சரி," என்றாள் மகள், திரையைப் பார்த்தபடியே.

அவருக்கு அந்த 'சரி' சுருக்கென்று குத்தியது. கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று மனைவி வாசற்கதவை உலுக்குவாள். இதுதான் உன் வீடு என்று அவர் சொல்லிப் பார்ப்பார். கெஞ்சுவார். பிறகு கையைப் பிடிப்பார். பிடித்தால்தான் நிற்பாள். அதில் தப்பில்லை என்று அவர் தனக்குள் பலமுறை தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. ஆனால் போனமுறை, அவள் இழுப்பதை நிறுத்திய பிறகும் அவர் விடவில்லை. வலிக்குது என்றுகூடச் சொல்லாமல் அவள் சும்மா நின்றாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இறுக்கிக்கொண்டிருந்தார். அது தன் கைதான் என்று தெரிந்தேதான் இருந்தது.

ஆனாலும் அவள் போய்விட்டால் இந்த வீட்டில் அவர் என்ன செய்வார்? யாரைப் பிடித்துக்கொண்டு இருப்பார்?

"அக்கா, ஒண்ணு பண்ணு," என்றான் மகன். "கம்ப்யூட்டர விடு. பிரிண்டர்ல ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கிப் பிடி. டெஸ்ட் பேஜ் வருதா பாரு."

அமுக்கினாள். பிரிண்டர் கனைத்துக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. கட்டங்களும் கோடுகளுமாக, கறுப்பு நல்ல கறுப்பாக இருந்தது.

"வந்துடுச்சுடா!"

"அப்ப பிரிண்டர் நல்லாருக்கு. கம்ப்யூட்டரும் நல்லாருக்கு. நடுவுல இருக்கறதுதான் கோளாறு."

"நடுவுல வயர்தான இருக்கு."

"வயர பாத்தாச்சா?"

"அப்பா பாத்துட்டார்."

"அப்ப வயர் இல்ல," என்றான் அவன், யோசிக்காமல்.

"ஆமா," என்றாள் அவள். அப்புறம் விசைப்பலகை மேலிருந்த விரல்கள் நின்றன. "அப்பா பாத்துட்டார்," என்று இன்னொரு முறை சொன்னாள். இந்த முறை அது தம்பிக்குச் சொன்ன மாதிரி இல்லை.

"விடும்மா," என்றார் அவர். "பழைய மெஷின். நாளைக்கு நிதானமா பாத்துக்கலாம்."

அவள் தரையில் முட்டிபோட்டு, மேசைக்குப் பின்னால் கையை விட்டாள். டார்ச்சைக் கேட்கவில்லை. டக் என்று ஒரு சத்தம். பிரிண்டர் உடனே உயிர் வந்ததுபோல இரைய ஆரம்பித்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. தரையிலிருந்தபடி அவரைத்தான் பார்ப்பாள் என்று எதிர்பார்த்து அவர் முகத்தைத் தயார் செய்துகொண்டார். மழை விடட்டும் இப்ப என்ன அவசரம், வயசாச்சு கண்ணு தெரியல, கை பட்டிருக்கும் என்று சொல்வதற்கு நிறைய இருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாவை, அந்த ஸ்வெட்டரின் கைகளைப் பார்த்தாள்.

"எந்தக் கதவுப்பா?"

அவர் வாயைத் திறந்தார். அறைக்கதவைப் பார்த்தார். அது பாதி திறந்து, எப்போதும் போல இருந்தது. பாத்துட்டேன் என்ற சொல் நாக்குவரை வந்து அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"அப்பா. எந்தக் கதவு?"

"அக்கா, என்னமோ சத்தம் கேக்குதே," என்றது போன். "வருதா?"

"வருதுடா," என்றாள் மகள். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "எல்லாம் வருது."

கோபத்தில் கொடுத்த ஒவ்வொரு பிரிண்டும் வரிசையில் நின்றிருக்கிறது. ஒரே விண்ணப்பம் மறுபடி மறுபடி வெளியே வந்தது. தட்டு நிறைந்து தாள்கள் சரிந்து தரையில் விழத் தொடங்கின. யாரும் நிறுத்தவில்லை. மனைவிதான் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வந்தாள். இத்தனை பேர் இருக்கிற இடத்தில் தாள் கீழே விழுகிறதே என்ற அங்கலாய்ப்பு அவள் முகத்தில் தெரிந்தது. குனிந்து ஒன்றைப் பொறுக்கி, ஓரத்தை நீவி, அவரிடம் நீட்டினாள்.

"பிடிங்க."

அவர் வாங்கிக்கொண்டார். தாள் சுடச்சுட இருந்தது. அவள் அடுத்ததை எடுத்தாள்.

"லேசா பிடிச்சா விழுந்துடும்," என்றாள், வேலைக்குப் புதிதாக வந்தவனுக்குச் சொல்கிற பொறுமையோடு. "கெட்டியா பிடிங்க."