பக்கத்துக் கப்பலின் யன்னல்

"இரவு வேலைக்குக் கேக்கிறாங்கள். பிள்ளையோட தனிய இருக்க உமக்குப் பயமில்லைத்தானே?" என்று கார்த்திகன் அன்று கேட்டான்.

"எனக்கென்ன பயம்? பேய்தான் என்னைக் கண்டு பயப்பிட வேணும்," என்றாள் சிவசக்தி.

"அது உண்மை. நானே பயப்பிடுறனான்."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு ஜெர்மனியின் ஹம் நகரத் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போகத் தொடங்கியவன், மகள் வளர்ந்து பீலெஃபெல்டுக்குப் படிக்கப் போன பிறகும் அதை விடவில்லை. வெறும் வீட்டில் சிவசக்தி விடியும்வரை விழித்துக் கிடந்தாள். போகாதேங்கோ என்ற சொல் தொண்டைவரை வரும். அவனுடைய களைத்த முகத்தைக் கண்டதும் திரும்பிவிடும். வருகிற திங்கட்கிழமை, இனிப் பகல் வேலையா இரவு வேலையா என்று அவன் தொழிற்சாலையில் முடிவு சொல்ல வேண்டும். "இரவே இருக்கட்டும், பழகிட்டுது," என்று மோசல் ஆற்றில் கப்பல் ஏறும்போதே சொல்லிவிட்டான்.

திருமண நாளுக்கு மகள் எடுத்துக் கொடுத்த பயணம் அது. ஆற்றங்கரை ஊரான பெர்ன்காஸ்டலில் மரச்சட்டம் போட்ட கோணல் வீடுகளைப் பார்த்தார்கள். வைன் நிலவறையில் ஒரு வாய் ருசித்துவிட்டு, "பழப்புளி கரைச்ச மாதிரிக் கிடக்கு," என்று கார்த்திகன் முகத்தைச் சுளித்தான்.

மறுநாள் காலை கப்பல் கோஹெமில் நின்றது. கார்த்திகன் கோப்பி எடுக்க மேல்தட்டுக்குப் போயிருந்தான். சிவசக்தி அறை யன்னலின் திரையை விலக்கினாள். ஆற்றையும் காணவில்லை, திராட்சை மலையையும் காணவில்லை. கரையில் இடம் போதாவிட்டால் கப்பல்களைப் பக்கம் பக்கமாகக் கட்டுவார்கள். கை நீட்டினால் தொடலாம் போல இன்னொரு கப்பலின் யன்னல்.

உள்ளே, கட்டில் ஓரத்தில் ஒரு பெண் முதுகு காட்டி இருந்தாள். கறுத்த கொண்டை. எழுந்தாள். மேசைக்கு முன்னால் கிடந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவுக் கைபிடிக்குக் கீழே முட்டுக்கொடுத்தாள்.

கார்த்திகனின் கார் போன பிறகு ஒவ்வோர் இரவும் வீட்டில் சிவசக்தி செய்வது அது. அவனுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது.

அங்கே கைபிடி மெல்லத் திரும்பியது. அதே நேரம் இங்கே, சிவசக்திக்குப் பின்னாலும், கைபிடி திரும்பும் சத்தம். கதிரையை இரு கையாலும் அழுத்தியபடி அந்தப் பெண் தலையைத் திருப்பினாள். முகம் தெரியுமுன் சிவசக்தி திரையை இழுத்து மூடினாள்.

"என்னப்பா, இருட்டுக்க நிக்கிறீர்?" கார்த்திகன் கோப்பியோடு நின்றான்.

"அங்கால ஒரு பொம்பிளை நிக்கிறா."

"அந்தக் கப்பலிலயோ? அதில ஒரு சனமும் இல்லையாம். திருத்த வேலைக்குக் கொண்டு போறாங்களாம்." அவன் திரையை விலக்கினான். விரிப்பில்லாத மெத்தைகள் கிடந்தன. "பாரும், ஒருத்தரும்..." கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தான். "ஆர் கதவுக்குக் கதிரை முட்டுக்குடுத்தது? உள்ளுக்க நிண்டெல்லோ வைக்க வேணும்?"

சிவசக்தி அவன் கையைப் பிடித்தாள். கோப்பி தளும்பி இருவர் விரலிலும் வழிந்தது.

"நீங்கள் போன பிறகு நான் அப்பிடித்தான் வைக்கிறனான்," என்றாள். "இனி இரவு வேலைக்குப் போகாதேங்கோ. எனக்குத் தனிய இருக்க ஏலாது."