வேலை முடியாத வண்டி

தையல்காரரின் மனைவிக்குக் கல்யாணமாகிப் பதினேழாவது வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வீட்டுக்குள் மூச்சு நின்றுபோனது. சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். படியிறங்கியதும் மூச்சு வந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போனாள், நின்றது. வெளியே வந்தாள், வந்தது. பக்கத்து வீட்டிலும் அப்படித்தான், எதிர்த்தாற்போல் இருந்த பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஆம்புலன்ஸில் படுத்தபடி டிரைவரிடம் வழியெல்லாம் பேசிக்கொண்டு போனவள், வார்டுக்குள் நுழைந்ததும் உதடு நீலம் பாரித்துப்போனாள். கடைசியில் டாக்டர்தான் இறங்கிவந்து ஆம்புலன்ஸில் ஏறிப் பார்த்தார். நெஞ்சில் கோளாறு ஏதுமில்லை, வீடு ஒத்துக்கொள்ளவில்லை, சக்கரம் ஒத்துக்கொள்கிறது என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மருந்து எழுதும் இடத்தில் ஒரு கோடு கிழித்தார்.

தையல்காரரின் கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். அதனால் ஊரே அவரை டேப் என்றுதான் கூப்பிட்டது. டேப் தெருவோரம் மரத்தடியில் கட்டிலைப் போட்டு அவளைப் படுக்கவைத்தார், பக்கத்தில் தானும் பாயை விரித்தார். மழைக்காலத்துக்கு ஏழு வாரம் இருந்தது. அது வந்தால் இவள் எங்கே போவாள் என்று அவர் ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். போகிற வருகிறவர்கள் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள், ஒன்றும் உதவவில்லை. உருப்படியாக ஏதாவது செய்தவன் மெக்கானிக்காக இருந்த மைத்துனன், அவள் தம்பிதான். பழைய ரொட்டி வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் நிறுத்தினான்.

“ஓடும் மாமா. ஆனா உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் தகரம்.”

“தகரம் போதும் மாப்ள. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“உங்களுக்கு மரவேல தெரியுமா?”

“இத்தன வருஷமா தொப்பைக்கெல்லாம் சட்ட தெச்சவன்டா. இந்த வண்டிக்கும் தொப்பதான இருக்கு?”

அவள் ஏறி வெறும் தகரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மூச்சு தாராளமாக வந்தது. டேப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. வண்டியின் சுவர் நேராக இருப்பதில்லை, நடுவில் புடைத்து மேலே குறுகும், தச்சர்களே அலுத்துக்கொள்கிற இடம் அது. டேப் பழைய செய்தித்தாளைச் சுவரோடு சுவராக ஒட்டி, சாக்கட்டியால் கோடு போட்டு, வெட்டியெடுத்து நம்பர் போட்டார். பழக்கதோஷத்தில் முதல் பலகைக்குத் தையலுக்கு விடுவதுபோல் அரை அங்குலம் கூடுதலாக விட்டுவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டு திரும்ப அறுத்தார். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தார். சூடு இறங்காமலிருக்க தெர்மாகோல் வைத்து, மேலே பிளைவுட் அறைந்து, இடுக்குகளுக்குப் பட்டி பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பெட்டிகள், கீல் போட்டு மடக்குகிற மேஜை, அடுப்பு நகராமலிருக்கக் கம்பிப் பிடி என்று ஒவ்வொன்றாக வந்தது. அவள் எதற்கும் ஏங்கிவிடக் கூடாதென்று படுக்கையறைச் சுவரில் ஒரு சில்லைப் பெயர்த்துக் கடைக்குக் கொண்டுபோய் அதே வெளிர்பச்சையைக் கலக்கி வாங்கிவந்தார். கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் உப்பு ஜாடி அகப்பட வேண்டுமென்று சமையலறை அலமாரியின் உயரத்தை அளந்து, அதே உயரத்தில் பலகை வைத்தார். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைக்கூடக் கழற்றி வண்டிக் கதவில் மாட்டினார். முடிகிறவரை வண்டியில் ஏறக் கூடாது என்று அவர் சொல்லியிருந்ததால், மரத்தடியில் அவளுக்குக் குளிரும் தூசியும் சேர்ந்து இருமல் கண்டிருந்தது. “ஆச்சாங்க?” என்பாள் தினமும். “ஆச்சு, ஆச்சு” என்பார் இவர், ராத்தூக்கத்தையும் விட்டுவிட்டு.

சனிக்கிழமை மத்தியானம் கடைசித் திருகாணி முடுக்கியாயிற்று. அவள் ஏறினாள். திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி உப்பு ஜாடியைத் தொட்டாள், சிரித்தாள், அந்தச் சிரிப்போடேயே தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். டேப் அவளை வாரியெடுத்துத் தெருவில் கிடத்தினார்.

“அச்சு அசல் வீடாவே பண்ணிட்டீங்களேங்க” என்று சொல்லி அவள் அழுதாள். அவரைக் குறை சொல்கிற அழுகை இல்லை அது. அவருக்கோ நாலு அறை வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மழை இரண்டு நாள் முன்னதாகவே பிடித்துக்கொண்டது. நாலு நாள் அவள் மரத்தடியில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காய்ச்சல் அடித்தது. ஐந்தாம் நாள் டேப் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி, தான் செய்ததையெல்லாம் வாய்விட்டு வைதபடியே பெயர்க்க ஆரம்பித்தார். அலமாரிக் கதவு பிய்ந்துவந்த சத்தம் கேட்டு அவள் தலையை உள்ளே நீட்டினாள். “நிறுத்துங்க. வருது. மூச்சு வருது” என்றாள்.

வேலை நடக்கிற வரைக்கும் அது வண்டி, முடிந்தால் வீடு. இதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு மேலும் ஒரு மாதம் ஆயிற்று. ஒரு திருகாணியை வேண்டுமென்றே தளர்த்தி விட்டுப் பார்த்தார்கள், பெயிண்ட் பிரஷை ஒப்புக்கு மாட்டிவைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அவள் உதடு நீலமாயிற்று. வண்டி ஏமாறவில்லை. நிஜமான வேலை, மெனக்கெட்டுச் செய்கிற வேலைதான் வேண்டியிருந்தது.

இப்படியே ஒன்பது வருஷம் போனது. டேப் கடையை விட்டார், தையல் மெஷின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்தது. இடப்பக்கச் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பச்சை அடித்து முடிப்பதற்குள் வலப்பக்கத்தைத் தொடங்கிவிடுவார். கட்டில் முன்னுக்கும் பின்னுக்குமாகப் பதினொரு தடவை இடம் மாறியது. பூச்சு மேல் பூச்சாக ஏறி உள்ளே இடம் குறுகிக்கொண்டே வந்து, ஆறாம் வருஷத்திலிருந்து புரண்டு படுப்பதென்றால் இருவரும் சேர்ந்துதான் புரள வேண்டியிருந்தது. வேறு யாராவது கை வைத்தால் தப்பாகிவிடுமோ என்று மைத்துனனைக்கூட அவர் பிரஷைத் தொட விட்டதில்லை. அவள் உதவிக்கு வந்தால் விரட்டுவார். “நீ மூச்சு மட்டும் விடு. மத்தத நான் பாத்துக்கறேன்” என்பார். தான் படுத்துவிட்டால் இவள் கதி என்ன என்ற ஒரே பயத்தில் அவர் காய்ச்சலிலும் பெயிண்ட் அடித்தார், கை நடுங்க ஆரம்பித்த பிறகும் அடித்தார்.

பத்தாம் வருஷம் பிரஷும் கையுமாக விழுந்தார். ஆஸ்பத்திரியில் முதல் மாடியில் படுக்கை, ஜன்னலுக்கு எதிரே கீழே, பின்கதவு தெரிகிறமாதிரி வண்டியை மைத்துனன் நிறுத்தினான். இரண்டு நாள் வேலை இல்லை. மூன்றாம் நாள் காலை டேப் குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடப் பார்த்தார். இரண்டு நர்சுகள் சேர்ந்து அமுக்கிப் பிடித்தார்கள். “அவ செத்துருவா, விடுங்கம்மா, அவ செத்துருவா” என்று அவர் கத்தியது கீழே வரைக்கும் கேட்டது. அரைமணி கழித்து அவருடைய போன் அடித்தது.

“ஏங்க, கத்தாதீங்க. நான் அடிச்சிட்டிருக்கேன்.”

“என்னது?”

“பெயிண்ட்தான். தம்பி கொட்டகையில லாரிக்கு வாங்கினது ஒரு டின் இருந்துச்சு. மஞ்சள்.”

“பச்சை இல்லையா?”

“எனக்குப் பச்சை எப்பவுமே பிடிக்காதுங்க.”

“இத்தன வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க?”

டேப் சிரித்தார். நர்சு வந்து அதட்டுகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு ஜன்னலோரம் தூக்கி உட்காரவைக்கச் சொல்லி, திறந்திருந்த பின்கதவு வழியாக அவள் கை மேலும் கீழும் போய்வருவதை வெகுநேரம் பார்த்தார். பட்டையாக இழுக்கத் தெரியவில்லை, திட்டுத்திட்டாக அடிக்கிறாள் என்று நர்சிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஒன்பது வருஷமாக இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று அவருக்குள் தளர்ந்தது. வியாழக்கிழமை விடிந்தபோது அவர் இல்லை.

அவளால் மேலே போக முடியாது என்பதால் அவரைக் கீழே கொண்டுவந்து வண்டிக்குள் கிடத்தினார்கள். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சு வெடிக்க அழுதாள். மத்தியானம் மூச்சு முட்டியதும் எழுந்து ஒரு பக்கம் பெயிண்ட் அடித்துவிட்டு, மறுபடி வந்து அழுதாள். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. தூக்கும்போது அவர் தோள் சுவரில் உரசிச் சட்டையில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. மைத்துனன் துடைக்கப் போனான், அவள் வேண்டாமென்றாள்.

அந்த வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளே ஓட்டுகிறாள், அவளே சுரண்டுகிறாள். மக்கள்தொகை எடுக்க வந்தவர் வீட்டு விவரம் என்ற இடத்தில் ‘வேலை நடக்கிறது’ என்று எழுதிக்கொண்டு போனார். உள்ளே வருகிறவர்களை அவள் உட்காரச் சொல்கிறாள், காபி கொடுக்கிறாள், சுவரில் சாயாதீங்க, இன்னும் காயல என்கிறாள்.