ஹாஜி ரிஸ்க்கின் இடது கண்

எகிப்தின் போர்ட் சயீதில் வெயிலும் கடலும் நாற்பது வருஷம் தின்ற முகம் ஹாஜி ரிஸ்க்குடையது. இடது கண்ணுக்குக் கீழே முளைத்திருந்த தோல் புற்றை டாக்டர் இன்ஷிரா வெட்டியெடுத்துத் தையல் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தையல் அத்தனை நேர்த்தி. அதைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் கர்வம் வந்திருந்தது.

"வீட்டுக்கு அனுப்பிடலாமா?" என்றாள் நர்ஸ் வகீதா. "வலிக்குதான்னு மூணு தடவ கேட்டுட்டேன். அல்ஹம்துலில்லாஹ்ங்கிறாரு."

மீனவரிடம் வேறென்ன பதில் வரும்? படகு கவிழ்ந்தாலும் 'இறைவனுக்கே புகழ்'தான், பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தாலும் அதுதான். இறைவன் தந்ததைக் குறை சொல்வது அவர்களுக்கு வெட்கக்கேடு.

மனைவி பஹிய்யா முறைத்தாள். "பொய் டாக்டரம்மா! டீயத் தொடக்கூட இல்ல. இந்த மனுஷன் டீய மிச்சம் வெச்சு நான் பாத்ததே கிடையாது."

இன்ஷிரா கட்டைப் பிரித்தாள். இமை கருநீலமாய் ஊதி, விழி முன்னால் பிதுங்கியிருந்தது. தொட்டால் கல். உள்ளே கசிந்த ரத்தம் விழியை நெருக்கிக்கொண்டிருந்தது. தாமதித்தால் பார்வை போனது போனதுதான்.

வலது கண்ணைப் பொத்திவிட்டு விரல்களை நீட்டினாள். "எத்தன?"

"அல்ஹம்..."

"ஹாஜி! எத்தன விரல்னு கேட்டேன்!"

அவர் தலைகுனிந்தார். "எல்லாம் இருட்டா இருக்கு மகளே."

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

"தெனமும் ஆஸ்பிரின். சொல்லவே இல்லையா?" பஹிய்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

ரத்தத்தை உறையவிடாத மாத்திரை. காலையில் இன்ஷிரா இதே கேள்வியைக் கேட்டாள், இதே அல்ஹம்துலில்லாஹ்வை வாங்கிக்கொண்டு தலையாட்டினாள். தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை.

"வகீதா, கத்தரி."

தன் அழகான தையலைத் தானே வெட்டினாள். கறுத்த ரத்தக்கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கசிந்த ரத்தக்குழாயைத் தேடிச் சுட்டு அடைத்தாள். விழி மெல்ல இளகியது. மறுபடி விரல்களை நீட்டினாள்.

"மூணு."

நீட்டியது இரண்டு. கண்ணின் ஓரத்தையும் கொஞ்சம் வெட்டித் தளர்த்திவிட்டுக் காத்திருந்தாள். பஹிய்யாவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"இப்ப?"

"ரெண்டு," என்றார் ஹாஜி. "நகம் வெட்டி ரொம்ப நாளாச்சு போல."

இன்ஷிரா கத்தரியைக் கீழே வைத்தாள். அப்படியே முக்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"டாக்டரம்மா," தயங்கித் தயங்கிக் கேட்டார் ஹாஜி. "இப்ப வலிக்குது. சொல்லலாமா?"

"கத்துங்க ஹாஜி," என்றாள் அவள். "தெருவுக்கே கேக்கட்டும்."